மணிக்கட்டில் இரண்டு பறவைகள்

மெல்பர்ன்
ஆகஸ்ட் மாதம், ஞாயிறு, ஆராதனை முடிந்து

அன்புள்ள மனாசே,

ஆண்டவர் கருணையால் நீயும், வூனா அக்காவும், வீட்டில் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். நானும் நலம். சளி பிடித்து விட்டுவிட்டது. கவலைப்பட ஒன்றுமில்லை.

திமிங்கிலங்கள் வந்துவிட்டன என்று வூனா அக்கா போனில் சொன்னாள். உன் படகில் தினமும் வெளிநாட்டுக்காரர்கள் ஏறுகிறார்களாம். நல்லது. குட்டியோடு வரும் தாய்க்கு ரொம்பப் பக்கத்தில் படகை விடாதே. பணம் கொடுத்தவர்கள் கிட்டே போகச் சொல்வார்கள், நீயும் முகத்துக்காக ஒத்துக்கொள்வாய். அது குட்டிக்குப் பால் கொடுக்க அவ்வளவு தூரம் நீந்தி வந்திருக்கிறது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நீ 'ம்' என்கிறாய், நான் 'ம்' என்கிறேன், நடுவில் இரைச்சல். அதனால்தான் எழுதுகிறேன். நம் சபையின் பாடகர் குழுத் தலைவர் ஃபெலெட்டி இந்த வாரம் ஊருக்கு வருகிறார். அவர் கையில் இதையும், உனக்கு ஒரு கம்பளிச் சட்டையும் கொடுத்து அனுப்புகிறேன். கடலில் அதிகாலைக் காற்றுக்குப் போட்டுக்கொள். நிறம் பிடிக்கவில்லை என்றால் வூனா அக்காவிடம் கொடுத்துவிடாதே, வைத்துக்கொள்.

இங்கே குளிர்காலம். காலையில் டிராமுக்கு நிற்கும்போது தெருவே இருக்காது. எல்லாம் மூடுபனி. விளக்குகள் மட்டும் எதிலும் மாட்டப்படாமல் மிதக்கும். டிராம் நகர்கிறதா, நான் இன்னும் படுக்கையில்தான் இருக்கிறேனா என்று சில நாள் சொல்ல முடியாது. கண்ணாடியில் தலையைச் சாய்த்தால், அந்த வெண்மைக்குப் பின்னால் நம் தீவின் துறைமுகம் இருப்பதாகவே தோன்றும். மணி அடித்து யாராவது இறங்குவார்கள். அப்போதுதான் மெல்பர்ன் திரும்பி வரும்.

மார்கித் அம்மாவைப் பற்றி உனக்குச் சொன்னதில்லை. முதியோர் இல்லத்தில் நான் கவனித்துக்கொள்பவர். தொண்ணூறு தாண்டியவர். ஹங்கேரியில் பிறந்த யூதர். போர் முடிந்து, யாரும் மிச்சமில்லாமல், இளம்பெண்ணாகக் கப்பலேறி இந்த நாட்டுக்கு வந்தார். இங்கே ஒரு தொப்பிக் கடையில் வேலை பார்த்து, கல்யாணம் செய்து, பீட்டர் என்று ஒரு மகனையும் வளர்த்தார். இப்போது அவருடைய நினைவு ஓரிடத்தில் நிற்பதில்லை. எழுந்ததும் ஹங்கேரியில் ஓர் ஆற்றங்கரையில் இருப்பார். குளித்து முடிப்பதற்குள் கப்பலில் ஏறியிருப்பார். மதியச் சாப்பாட்டுக்கு மெல்பர்ன் வந்து சேருவார். பல நாள் நானும் அவரோடு அந்தப் பயணத்தை முழுதாகச் செய்துவிட்டுத்தான் என் ரொட்டியைப் பிரிப்பேன்.

நான் அவர் தலையை வாரும்போது நம் சபைப் பாட்டுகளைப் பாடுவேன். ஒரு வார்த்தை புரியாது, ஆனால் தாளம் தப்பாமல் விரலால் நாற்காலியைத் தட்டுவார். "நீ பாடினா ஜன்னல் பெருசாகுது பொண்ணே"ன்னு ஒருநாள் சொன்னார். வேலைக்கு வந்த இடத்தில் எனக்குக் கிடைத்த முதல் நல்ல வார்த்தை அது.

ஜூன் மாதம் இல்லத்தில் வயிற்றுப்போக்கு பரவியது. வேலை செய்பவர்கள் எல்லோரும் முழங்கை வரை கை தெரியும்படிதான் இருக்க வேண்டும், வளையல் கடிகாரம் எதுவும் கூடாது என்று உத்தரவு வந்தது. அதுவரை நான் குளிருக்காக உள்ளே முழுக்கைச் சட்டை போட்டிருந்தேன். அன்று கழற்றினேன். வழக்கம்போலக் கிண்ணத்தில் வெந்நீர் எடுத்து, துணியை நனைத்துப் பிழிந்து, மார்கித் அம்மாவின் முகத்துக்குக் கொண்டுபோனேன். அவர் கண் என் மணிக்கட்டில் நின்றது.

அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. கிண்ணம் உருண்டது. நடக்கவே ஆள் பிடிக்க வேண்டியவர், எப்படி எழுந்தாரோ தெரியாது, ஜன்னல் திரைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். திரைக்குக் கீழே ஈரமான இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன. "ஏவி, ஏவி" என்று யாரையோ கூப்பிட்டார். நான் கிட்டே போகப் போக அந்தப் பாதங்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டன. என்னோடு வேலை செய்யும் பிமலா ஓடி வந்து என்னை வெளியே தள்ளிய பிறகுதான் அவர் மூச்சு இறங்கியது.

அவர் பார்த்தது அங்கே பச்சை குத்தியிருக்கும் நம் மனுலுவாவை. உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் எழுதுகிறேன். இரண்டு பறவைகள். ஒன்று தாய் வழி, ஒன்று தகப்பன் வழி. நம் மகளின் முதல் பிறந்தநாள் விருந்து முடிந்த மறுவாரம் நீயும் நானும் நெய்யாஃபு டவுனுக்குப் போய், நீ வலக்கையிலும் நான் இடக்கையிலும் பச்சை குத்திக்கொண்டு வந்தோம். போதகர் முகம் சுளித்தார். உன் சித்தப்பா, "இது பெரிய வீட்டு ஆளுங்க துணியில போடற அடையாளம்டா, ரெண்டு பக்கமும் ராஜ ரத்தம் இருக்கறவங்களுக்கு. உனக்கு எந்தப் பக்கம் ராஜா?"ன்னு கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தார். நீயும் சிரித்தாய். "ராஜா வேணாம், என் பொண்ணுக்கு ரெண்டு பக்கமும் ஆள் இருக்கு"ன்னு சொன்னாய். அப்போது அவள் உன் மடியில் உட்கார்ந்து, வீங்கியிருந்த உன் கையை ஊதிக்கொண்டிருந்தாள்.

கண் மங்கிய ஒருவருக்கு அந்த நான்கு இறக்கைகளும் நான்கு கொக்கிகளாகத் தெரிந்துவிட்டன. நாஜிகளின் கொடியில் இருந்த அந்த வளைந்த சிலுவை.

அன்று மதியம் மகன் பீட்டர் வந்தார். எப்போதும் எனக்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போவார். அன்று நேரே என் கையைப் பார்த்தார். "தெரிஞ்சுதான் இதைக் குத்திக்கிட்டீங்களா?" என்றார். மேற்பார்வையாளர் கெர்ரிதான் அவரை உட்கார வைத்தாள். நான் விரலால் ஒரு பறவையைக் காட்டினேன், பிறகு இன்னொன்றை. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். கடைசியில், "இப்ப எனக்குப் பறவை தெரியுது. அம்மாவுக்குத் தெரியாதே. எங்க அம்மா ஊர்ல நகர மண்டபத்துல அந்தக் கொடியை ஏத்தினப்ப அவங்களுக்குப் பதினாலு வயசு. அதுக்கப்புறம் அந்த வீட்டுல அவங்க தூங்கினது கொஞ்ச நாள்தான்" என்றார். அவர் போன பிறகு கெர்ரி, "உன் மேல ஒரு தப்பும் இல்ல மெலியாமே. ஆனா அவங்க பயம் நிஜம். உன்னை மாடிக்கு மாத்திடறேன்" என்றாள். நல்ல பெண். அவளைக் குறை சொல்ல முடியாது.

பிமலா நேபாளப் பெண். அவளுக்குக் கோபம் தாங்கவில்லை. "அக்கா, எங்க வீட்டுல கல்யாணமோ புது வண்டியோ புது அடுப்போ, முதல்ல குங்குமத்துல ஸ்வஸ்திக்தான் போடுவோம். இங்க வீடு குடிபோனப்ப வாசக்கதவுல போட்டோம். எதிர் வீட்டுக்காரர் போலீசைக் கூப்பிட்டுட்டார். வந்த போலீஸ்காரர், சாமி விஷயம்னா சட்டத்துல தடையில்லைன்னு டீ குடிச்சுட்டுப் போனார். ஆனா எங்க மாமியார் பயந்துட்டாங்க. இப்பல்லாம் துணி அலமாரிக் கதவுக்கு உள்பக்கமாத்தான் போடறாங்க. லட்சுமி எங்க வீட்டுக்கு வரணும்னா போர்வைக்கும் சட்டைக்கும் நடுவுல புகுந்துதான் வரணும்!" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவளே மெதுவாக, "எங்களுது வேற, உங்களுது வேற, அந்தக் கொடி வேற. தூரத்துலேர்ந்து பார்த்தா மூணுக்கும் ஒரே ஜாடை. என்ன பண்றது?" என்றாள்.

வீடு திரும்பும்போது டிராமில் கையை மடியில் வைத்துப் பார்த்தேன். மனாசே, அன்று எனக்கே பறவைகள் தெரியவில்லை. எப்படித் திருப்பினாலும் கொக்கிகள்தான். எவ்வளவு முயன்றும் அவை இறக்கையாகவில்லை. பனிக்குள் போய்க்கொண்டே இருந்தேன், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிக் கடல் வரைக்கும் போய்விட்டேன். சபையில் ஒரு பெண்மணி, "அதை அழிக்க இப்ப மெஷின் இருக்கு, கொஞ்சம் எரியும், அவ்வளவுதான்" என்றாள். நானும் யோசித்தேன். மறைக்காமல் சொல்கிறேன். மார்கித் அம்மாவுக்காக மட்டும் யோசிக்கவில்லை. ஒவ்வொரு காலையும் கண்விழித்ததும் அதைத்தான் முதலில் பார்க்கிறேன். இரண்டு பறவைகளும் அங்கேயே இருக்கின்றன. அவை யாருக்காக வந்தனவோ அவள் இல்லை.

மாடியில் என் வேலை ஒரு வாரம்கூட ஓடவில்லை. கீழே மார்கித் அம்மா சாப்பிட மறுத்தார். யார் முகம் கழுவினாலும் வாயை இறுக்கிக்கொண்டார். "பாடறவ எங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். பயந்தது என்னைப் பார்த்து என்பதே அவருக்கு நினைவில்லை. பீட்டரே மாடிக்கு ஏறி வந்தார். கூச்சத்தோடு, "கையில ஏதாவது சுத்திக்கிட்டு வர முடியுமா? இப்படிக் கேக்க எனக்கு உரிமை இல்ல, தெரியும்" என்றார். கெர்ரி சுத்தமான வெள்ளைக் கட்டுத்துணி எடுத்துக் கொடுத்தாள், தினமும் புதிதாக மாற்ற வேண்டும் என்று. மணிக்கட்டிலிருந்து பாதி முன்கை வரை சுற்றிக்கொண்டு போனேன்.

என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. உடனே வாடியது. "கையில என்ன ஆச்சு? யார் அடிச்சா?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். "ஒண்ணுமில்லாததுக்கு யாராவது கட்டு போடுவாங்களா?" என்று என் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து யார் யாரைப் பார்த்துக்கொண்டது என்று சொல்ல முடியாது. காலையில் நான் உள்ளே போனதும், "வலி எப்படி இருக்கு?" என்பார். என் கையை வெயில் விழும் பக்கமாகத் திருப்பி வைப்பார். கட்டின் மேல் ஊதுவார். சில நாள் நான் மெலியாமே. சில நாள் ஏவி. ஏவி ஆகிவிட்டால் ஆங்கிலமும் ஹங்கேரி மொழியும் கலந்து மெதுவாகப் பேசுவார். வெளியே செருப்புச் சத்தம் கேட்டால் சட்டென்று போர்வையை இழுத்து என் கையை மூடுவார். "அவங்ககிட்ட காட்டிடாதே. புண்ணு இருக்கறவங்களைத் தனி வரிசையில நிக்க வைப்பாங்க. சட்டைக் கையை இறக்கி விடு. நான் முன்னாடி நிக்கறேன்" என்பார். நான் தலையாட்டுவேன். கெர்ரி மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, சிரித்துவிட்டுப் போவாள். மார்கித் அம்மா என் விரல்களைப் போர்வைக்குள் பிடித்தபடி, கதவு மூடும்வரை மூச்சுவிடாமல் இருப்பார்.

ஏவி யார் என்று பீட்டரிடம் கேட்டேன். அம்மாவின் தங்கை என்றார். முகாமில் அவளுக்கு முன்கையில் ஒரு புண். அக்கா தினமும் சட்டைக் கையை இழுத்துவிட்டு மறைத்தாள். ஒருநாள் மறைக்க முடியவில்லை. "இதை அம்மா எனக்கு ஒரே தடவைதான் சொன்னாங்க. ஏவிங்கற பேரைக்கூட வீட்டுல சொல்ல மாட்டாங்க. இந்த வயசுலதான், நினைவு போனப்புறம்தான், கூப்பிடறாங்க" என்றார்.

அதைக் கேட்ட பிறகு கட்டைப் போட்டுக்கொண்டு போவது எனக்குப் பாவமாகத் தோன்றியது. கழற்றிக்கொண்டு போவதும் பாவம். இரண்டுக்கும் நடுவில் நாட்கள் பனி மாதிரி நகர்ந்தன.

போன வாரம் ஒரு காலை பனியே இல்லை. அறை முழுக்க வெளிச்சம், சுவரில் மரத்தின் நிழல் தண்ணீர் போல ஆடிக்கொண்டிருந்தது. பீட்டரும் வந்திருந்தார். மார்கித் அம்மா என் கையை மடியில் வாங்கிக்கொண்டு, "இவ்வளவு நாள் மூடி வெச்சா புழுங்கிடும். காத்துப் படணும்" என்று கட்டின் நுனியைத் தேடினார். நான் கையை இழுத்தேன். பீட்டர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "வேணாம்மா, டாக்டர் பாத்துக்குவார்" என்றார். மார்கித் அம்மா மகனை ஒரு பார்வை பார்த்தார். "நீ சும்மா இரு. உனக்கு என்ன தெரியும் இதைப் பத்தி?" என்றார்.

அவர் விரல்கள் நடுங்கும், கரண்டியைக்கூடப் பிடிக்காது. அன்று நடுங்கவில்லை. தொப்பிக்கு ரிப்பன் சுற்றிய கை அல்லவா. ஒரு சுற்று, அடுத்த சுற்று, அவிழ்ந்த துணியை மடியில் மடித்துக்கொண்டே வந்தார். கடைசிச் சுற்று விழுந்தது. என் தோல் வெளிறிப் போயிருந்தது, அதில் இரண்டு பறவைகளும் முன்னைவிடக் கறுப்பாக.

பார்த்தார். அவர் பார்த்தார், மனாசே. கண்ணை அதிலிருந்து எடுக்கவில்லை. நான் கிண்ணத்தை நகர்த்தி வைத்தேன், அவர் எழுந்து ஓடினால் வழுக்கக் கூடாதே என்று. அவர் கட்டைவிரலை அதன் மேல் வைத்து, ஒவ்வொரு இறக்கையாக, மெல்ல அழுத்தி அழுத்திப் பார்த்தார். வலிக்கிறதா என்று என் முகத்தைப் பார்த்தார். நான் இல்லை என்று தலையசைத்தேன்.

"ஆறிடுச்சு" என்றார். "பாரு, நல்லா ஆறிடுச்சு. தழும்பு இருக்கும், இருந்துட்டுப் போகட்டும். இனிமே மூடாதே." அப்புறம் டீ கேட்டார்.

பீட்டர் வெளியே போய், நடைபாதையில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். நான் டீ எடுத்துவரப் போகும்போது அவர் தோள்கள் குலுங்கின. நான் கடந்து போனேன்.

மார்கித் அம்மா அங்கே எதைப் பார்த்தார் என்று எனக்குத் தெரியாது. கொக்கியா, பறவையா, தங்கையின் புண்ணா. மறுநாள் வெறுங்கையோடு போனேன். அவர் தலையை வாரச் சொன்னார், அவ்வளவுதான். நாளைக்கே மறுபடி திரைக்குப் பின்னால் போய் நிற்கலாம். அப்போது மறுபடி கட்டிக்கொண்டு போவேன். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அன்று டிராமில் கையைப் பார்த்தபோது பறவைகள் திரும்பி வந்திருந்தன. இரண்டும்.

இனி எழுதப்போவதற்குத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன்.

நீ நெய்யாஃபுவுக்குப் போய், உன் கையில் உள்ளதை முழுவதும் கறுப்பாக நிரப்பிவிட முடியுமா என்று கேட்டாயாம். வூனா அக்கா அழுதுகொண்டே சொன்னாள். உன்னைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் இல்லை. நானும் எரித்துவிட நினைத்தவள்தான். நீ செய்தாலும் நான் கோபப்பட மாட்டேன். உன் கை, உன் வலி. ஒன்று மட்டும் கேள். அவள் போன அன்று நீ கடலில் இருந்தாய், நான் கரையில் இருந்தேன், காய்ச்சல் நம் இருவரையும் கேட்டுக்கொண்டு ஏறவில்லை. அலை அடங்கியதும் எப்படிப் படகை ஓட்டி வந்தாய் என்று பார்த்தவர்கள் எனக்குச் சொன்னார்கள். நீ அதை என்னிடம் சொன்னதேயில்லை. நானும் கேட்டதில்லை. நான் இவ்வளவு தூரம் வந்தது சம்பளத்துக்காக மட்டுமில்லை என்பது உனக்கும் தெரியும். உன் முன்னால் உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை. அவளுடைய நாற்காலி நடுவில் இருந்தது.

நவம்பரோடு என் ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் சில வருடம் இருக்கச் சொல்லி கெர்ரி தாள் கொடுத்திருக்கிறாள். கையெழுத்துப் போடவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஃபெலெட்டி இந்தக் கடிதத்தைக் கொடுத்த பிறகு வருகிற முதல் ஞாயிறு மாலை நான் உனக்குப் போன் செய்வேன். நிறையப் பேச வேண்டாம். உனக்கும் எனக்கும் அது வராது. நம் வீட்டில் இரண்டு வருடமாக யாரும் சொல்லாத அந்தப் பெயரை மட்டும் ஒருமுறை சொல். முதலில் சொல்ல உனக்குக் கஷ்டமாக இருக்கும் என்பதால், நானே இங்கே எழுதிவிடுகிறேன்.

சியாலே.

நீயும் சொன்னால், நான் வரட்டுமா என்று உன்னைக் கேட்கவே மாட்டேன். மறுநாளே பெட்டியைக் கட்டிவிடுவேன்.

கடல் உன்னை ஒவ்வொரு மாலையும் பத்திரமாகக் கரையில் இறக்கிவிடட்டும். கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொள்.

என்றும் உன் பக்கத்தவள்,
மெலியாமே